நீ பாஸ் பண்ணாத பரீட்சை

தம்பி, பல்லு விளக்கிட்டியா? மாத்திரை போட்டுட்டியா? உன் நோட்டுக் கொப்பியில எழுதியிருக்கிற முதல் ரெண்டு வேலை அதுங்கதான். இது மூணாவது. டீயை எடுத்துக்கிட்டு கதவுகிட்ட வெளிச்சத்துல உக்காரு. அவசரப்படாம கடைசி வரைக்கும் படி. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு நீ எட்டாம் வகுப்புலயே சொல்லிட்ட, அதனால புதுசா ஒண்ணும் சிரிக்க வேணாம். நான் இந்நேரம் பிள்ளைக்காம்பராவுல இருப்பேன். தோட்டத்துப் பொம்பளைங்க கொழுந்தெடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகும்போது கைப்புள்ளைங்களை விட்டுட்டுப் போற இடம் அது, உங்கம்மா இருபத்திரண்டு வருஷமா அங்க ஆயம்மா. இதை நான் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கணும்னு நினைப்ப. சொன்னேன்டா. மூணு தரம் சொல்லிட்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வாரேன்.

நேத்து சாயந்தரம் நீ உன் பழைய பச்சை ஜெர்சியைத் தேடி அலமாரியையே கவுத்துப் போட்ட. இந்த வாரத்துல இது நாலாவது தரம். சனிக்கிழமை இரத்தினபுரியில ஏழு பேர் ஆடுற ரக்பிப் போட்டி இருக்காம், எஹலியகொட பக்கத்துப் பயலுக டீம் சேர்க்கிறானுகளாம், உன் பேரைக் கேட்டு உன்னையும் கூப்பிட்டானுகளாம். இதை மட்டும் நீ கையில எழுதி வச்சுக்கிட்டு மறக்காம இருக்க. சின்னப் போட்டி, டாக்டர் லெட்டரெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க. உங்கப்பா உன் பூட்ஸை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காரு. பூட்ஸை ஒளிக்கலாம், காலை எங்க ஒளிக்கிறது? ‘உன் தலையைத் திறந்து மூடியிருக்கு, இன்னொரு அடி விழுந்தா உசிரு நிக்காதுன்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு’ன்னு நான் சொன்னேன். அதுக்கு நீ சிரிச்சுக்கிட்டே சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடுதாசி. ‘டாக்டர்மார் அப்படித்தாம்மா பயமுறுத்துவாங்க. முதல் தரம் அடிபட்டப்பவும் ஆடாதன்னாங்க. ஒரே வாரத்துல டெஸ்ட் பாஸ் பண்ணிக் காட்டினேன்ல?’

அந்த டெஸ்டை நீ பாஸ் பண்ணல தம்பி. நான்தான் பாஸ் பண்ணினேன்.

உனக்கு எது நினைவிருக்கு எது இல்லைன்னு எனக்கு இப்ப நல்லாவே அத்துப்படி. பழசெல்லாம் அப்படியே இருக்கு. செபமாலை ஒரு மணியும் தவறாமச் சொல்லுற. நாலாம் வகுப்புல உன்னை அடிச்ச டீச்சர் பேரு ஞாபகம் இருக்கு. முதல் அடி பட்டது, ‘பாஸ்’னு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டது, நம்ம பஸ்ல வந்தது, எல்லாம் மங்கலாவாவது இருக்கு. அதுக்கு அப்புறம் நடந்தது எதுவும் உனக்கில்ல. காலையில சொன்னது மத்தியானம் இல்ல. கேஸ் அடுப்பைத் திறந்து விட்டுட்டு தீப்பெட்டி எடுக்கப் போறவன் அங்கயே நின்னு மழையைப் பார்க்கிற. கடைக்கு அனுப்பினா கடை வாசல்ல நின்னுக்கிட்டு, கடைக்காரர்கிட்டயே ‘நான் எதுக்கு வந்தேன் அங்கிள்?’னு கேக்கிற. இருபத்தஞ்சு வயசு. உன்னைத் தூக்கிப் பிடிக்க நாலு பேர் வேணும், அவ்வளவு பெரிய உடம்பு. அதுக்குள்ள நேத்துன்னு ஒண்ணு இல்ல.

உன் மூளை எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? நீயும் அந்தப் பிள்ளைக்காம்பராவுல வளர்ந்தவன்தான். நான் ஒரு தட்டத்துல பத்துச் சாமானை வைப்பேன், கரண்டி, சீப்பு, புளியங்கொட்டை, பொத்தான், இப்படி. பார்க்கவிட்டுட்டு துணியைப் போட்டு மூடி ஒண்ணை உருவிடுவேன். எது காணாமப் போச்சுன்னு சொல்லணும். மத்த பிள்ளைங்க முழிக்கும், நீ மூணு வயசுல துணியைத் தூக்கறதுக்கு முன்னாடியே என் கையைப் பார்த்துச் சொல்லிடுவ, திருட்டுப் பயலே. பெரியவனாகி கொழும்புக் கிளப்புக்கு ரக்பி ஆடப் போனப்ப அந்த மூளைதான் உன்னை மேல கொண்டுபோச்சு. கோட்டுக்கு வெளிய போன பந்தை உள்ள எறியிறவன் நீ. ரெண்டு டீமும் வரிசையா நிக்க, நம்மாளுல யாருக்கு எறியப்போறன்னு ஒரு ரகசியச் சொல்லைக் கத்தணும். மத்த டீமுக்கு அது விளங்கக்கூடாது. உங்க டீம்ல நீ ஒருத்தன்தான் தமிழ். நீதான் சொன்ன, தமிழ்ச் சொல்லாவே வைப்போம், எவனுக்கும் புரியாதுன்னு. கொழுந்துன்னா முன்னால நிக்கிறவன், மட்டம்னா நடுவுல, பிரட்டுன்னா கடைசி. அப்படி நாப்பது சொல்லு. ஆட்டத்துக்கு ஆட்டம் மாத்துவ. நாப்பதும் உன் தலைக்குள்ள இருக்கும். அவனுக உன்னை ‘கொம்பியூட்டர்’னு கூப்பிட்டானுக.

மத்தவனுகளுக்கு மண்டையில ஏறலைன்னு கோச் ஞாபகப் பயிற்சின்னு ஒண்ணு தொடங்கினாரு. ஓடிக்கிட்டே பந்தைப் பிடிக்கணும், பிடிச்சுக்கிட்டே அவர் சொன்ன எட்டுச் சொல்லைத் திருப்பிச் சொல்லணும். நீ அங்க போய் எங்கம்மாகிட்ட இதைவிட நல்ல பயிற்சி இருக்குன்னு பீத்திட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை கசுனையும் இன்னும் அஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துட்ட. கசுன் அப்பவே உனக்கு உசிரான கூட்டாளி. காம்பராவுல பிள்ளைங்க உக்கார்ற பாயில ஆறு மாடனுங்க சம்மணம் போட்டு உக்காந்தானுக, பாய் பத்தல. தட்டத்தை வச்சு மூடினேன். தோத்தவன் பாடணும்னு சட்டம். கசுன் நாலு தரம் தோத்துட்டு நாலு தரமும் ஒரே பைலாப் பாட்டைப் பாடினான். போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அம்மே, நீங்கதான் எங்க மூளைக் கோச்’னு சிங்களத்துல சொன்னான். அன்னைக்கு என் தலை கொஞ்சம் பெருத்துப் போச்சு தம்பி. அதையும் நீ தெரிஞ்சுக்கணும், ஏன்னா அதுக்கப்புறம் நான் செஞ்சதெல்லாம் அந்தப் பெருத்த தலையாலதான்.

முதல் அடி பட்டது கொழும்புல. ஒருத்தன் முழங்கால் உன் காதுக்கு மேல இடிச்சுச்சு. நீ எழும்பி நின்ன, சிரிச்ச, ஆட்டத்தை முடிச்சுட்டுத்தான் வெளிய வந்த. கிளப் டாக்டரம்மா ஒரு வாரம் வீட்டுல இரு, அப்புறம் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் ஆடலாம்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்த நீ டீயில உப்பைப் போட்டுக் குடிச்ச, குடிச்சது தெரியாம. வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டின. ‘தம்பி, பரிசுத்த வாரம் எப்ப வருது?’ன்னு கேட்டா ‘சொன்னேனே’ங்கிற, சொல்லவே இல்ல. நான் பார்த்தேன். எல்லாத்தையும் பார்த்தேன். பார்க்கலைன்னு ஒரு நாளும் நான் சொல்லமாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இரத்தினபுரி மைதானத்துல. நம்ம பக்கம் நீங்க ஆடுறது அதுதான் முதல் தரம். நான் தோட்டம் முழுக்கச் சொல்லிட்டேன். நம்ம லயத்து வரிசை வீடுகள்ல இருந்து ஒரு லொறி பேசியாச்சு, பெரிய கங்காணி வீட்டம்மா கூட வாரேன்னுட்டாங்க. ஆயம்மா மகன் தமிழ்ல கத்த, சிங்களப் பயலுக அதைத் தமிழ்லயே திருப்பிக் கத்துவானுக, வந்து கேளுங்கன்னு நான் ஒவ்வொரு வாசல்லயும் சொல்லியிருந்தேன். இப்ப யாராவது கேட்டா, கஷ்டத்துக்காகச் செஞ்சேன், ரக்பியால பிள்ளைக்குக் கிடைச்ச வேலை போயிடும்னு பயந்தேன்னு சொன்னா ஊர் மன்னிச்சிரும். தோட்டத்து ஜனத்துக்குக் கஷ்டம்னு சொன்னா எல்லாரும் மன்னிப்பாங்க. கஷ்டம் இல்ல தம்பி. பெருமை. வெறும் பெருமை.

நம்ம ஆளுங்களுக்குப் பரீட்சைன்னா ஒண்ணுதான் தெரியும். அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்புக்கு உன்னைப் பழைய கேள்விப் பேப்பரா வாங்கி வாங்கிச் செய்யவச்சேன். கேள்வி என்ன வரும்னு விசாரி, மனப்பாடம் பண்ணு, பாஸ் பண்ணு. லயத்தை விட்டு வெளிய வந்தவன் எல்லாம் அப்படித்தான் வந்தான். டாக்டரம்மா டெஸ்ட்டையும் நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். கசுனுக்குப் போன் பண்ணி என்ன கேப்பாங்கன்னு விசாரிச்சேன். மாசத்தைப் பின்னால இருந்து சொல்லச் சொல்வாங்க, நம்பரைத் திருப்பிக் கேப்பாங்க, அஞ்சு சொல்லு சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கேப்பாங்கன்னான். நாலு நாள் உன்னை உக்காரவச்சு டிசம்பர், நவம்பர், அக்டோபர்னு தேயத் தேயச் சொல்லவச்சேன். தலை வலிக்குதும்மான்னு நீ சொன்ன. பாஸ் பண்ணிட்டுப் படுத்துக்கோன்னு நான் சொன்னேன். பாஸ் பண்றதுக்குப் படிக்கக் கூடாத பரீட்சை ஒண்ணு உலகத்துல இருக்குன்னு எனக்குத் தெரியல. வீட்டுல புகை வருதான்னு பார்க்க வாறவனுக்கு, புகையை ஊதி விரட்டிட்டுக் கதவைத் திறந்த கதைதான் நான் செஞ்சது.

டெஸ்ட் அன்னைக்கு நானும் கூட வந்தேன். டாக்டரம்மா சின்னப் பொண்ணு, உன்னைவிட மூணு நாலு வயசுதான் கூட இருக்கும். கண்ணாடி, கையில நோவு எண்ணெய் வாசம். ரொம்ப மரியாதையாப் பேசினா. மாசம் எல்லாம் நீ டக்டக்குன்னு சொல்லிட்ட, நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். அப்புறம் சிங்களத்துல அஞ்சு சொல்லு சொன்னா. அம்ப, தொர, குடய, நூல, பாலம. மாங்காய், கதவு, குடை, நூல், பாலம். கொஞ்ச நேரம் உன்னை ஒத்தைக் கால்ல நிக்கவச்சா, விரலைப் பார்க்கச் சொன்னா, திரும்ப வந்து அந்த அஞ்சையும் கேட்டா. நீ ‘அம்ப’ன்ன. ‘தொர’ன்ன. அதோட நின்னுட்ட. தட்டத்துல துணிக்கு அடியில என்ன இருக்குன்னு என் கையைப் பார்த்துச் சொன்ன பிள்ளை, ஒண்ணும் இல்லாத சுவரைப் பார்த்துக்கிட்டு நின்ன. அவ பேனாவை எடுத்தா.

அப்பதான் நான் வாயைத் திறந்தேன். ‘மிஸ், எங்க பிள்ளை தமிழ்ப் பிள்ளை. சிங்களம் அவ்வளவு வராது, அதான் தடுமாறுறான்’னு நல்ல சிங்களத்துல சொன்னேன். யாரு, நீ சிங்களம் வராதவன். கனவுல கூடச் சிங்களத்துல பந்து கேட்டுக் கத்துறவன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதும்பாங்களே, அதை நான் ஒரு கரண்டி சோறுகூட இல்லாம மறைச்சேன். அவளுக்கு முகமெல்லாம் சிவந்து போச்சு. வெக்கம், அவளுக்குத் தமிழ் தெரியலையேன்னு. ‘சமாவென்ன அம்மே, மட்ட தெமள பேஹே’ன்னா. மன்னிச்சுக்குங்கம்மா, எனக்குத் தமிழ் வராதுன்னு அந்தப் பொண்ணு என்கிட்ட மன்னிப்பு கேட்டா. நீங்களே தமிழ்ல கேளுங்கன்னு நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டா.

இதுல ஒரு விஷயத்தைக் கவனி தம்பி, நான் அந்த நிமிஷமே கவனிச்சேன். நீ சொன்ன ரெண்டும் முழுச் சிங்களச் சொல்லு. நீ மறந்த மூணும் நம்ம சொல்லு. குடை, நூல், பாலம், ரெண்டு பாஷையிலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வாலுல ஒரு எழுத்து வித்தியாசம். பாஷை தெரியாம நீ தடுமாறியிருந்தா அந்த மூணுதானே முதல்ல வாயில வந்திருக்கணும்? பாஷை இல்ல காரணம், தலைதான் காரணம்னு எனக்கு அப்பவே சுத்தமா விளங்கிடுச்சு. அந்தப் பொண்ணு பதறிப் போயிருந்ததால கவனிக்கல. நான் கவனிச்சேன், கவனிச்சும் நிறுத்தல. தமிழ்ல பேரைச் சொன்னா அவளுக்குப் புரிஞ்சிடும், அதனால காம்பராப் பிள்ளைங்களுக்குப் போடுற மாதிரி விடுகதை போட்டேன். ‘மழைக்குப் பிடிக்கிறது என்னடா? ஊசியில கோக்கிறது? ஆத்து மேல கட்டுறது?’ நீ ஒண்ணொண்ணாச் சொன்ன. குடை. நூல். பாலம். யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லாம அவளுக்கே விளங்கிச்சு. ‘ஹரி, ஹரி’, சரி சரின்னு சிங்களத்துல சொல்லித் தலையாட்டிக்கிட்டே, சந்தோஷமா, பாஸ்னு போட்டுக் கையெழுத்து வச்சா.

பஸ்ல நீ அவிசாவளை வரைக்கும் என் தோள்ல தூங்கின. முழிச்சு, ‘நான் பாஸ் பண்ணிட்டேன்லம்மா?’ன்ன. ஆமாடா ராசான்னேன். அந்த ஒண்ணுதான் உன் மண்டையில அச்சு மாதிரி பதிஞ்சு கிடக்கு. அதுக்கப்புறம் வந்த எதுவும் நிக்கல, இந்தப் பொய் மட்டும் நிக்குது.

சனிக்கிழமை லொறியில போனோம். பாட்டு, வெடி எல்லாம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துல பந்து கோட்டுக்கு வெளிய வந்துச்சு, எங்க பக்கமாத்தான். நீ பந்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்ன. ரெண்டு டீமும் வரிசையில நின்னு காத்திருக்கு. நீ கத்தல. சொல்லு வரல உனக்கு. கசுன் திரும்பிப் பார்த்தான், நடுவர் ஊதிருவாருன்னு பயந்து அவனே ‘கொழுந்து, கொழுந்து’ன்னு கத்தினான். லொறி ஜனம் கையைத் தட்டிச் சிரிச்சுச்சு, பெரிய கங்காணி வீட்டம்மா என் தொடையில தட்டி ‘ஏய், கேட்டியா’ன்னாங்க. நானும் சிரிச்சேன். உன் முகத்தைப் பார்த்துக்கிட்டே சிரிச்சேன். அப்ப நான் கோட்டைத் தாண்டி ஓடி வந்திருக்கலாம். பைத்தியக்காரப் பொம்பளைன்னு சொல்லியிருப்பாங்க, சொல்லிட்டுப் போகட்டும். ஒரு கால் மணி நேரம் எனக்கு இருந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேர் உன் மேல விழுந்தானுக. பெரிய அடியே இல்லைன்னு கசுன் இன்னும் சொல்றான். பெரிய அடி தேவைப்படல.

மூணு வாரம் கண்ணைத் திறக்கல நீ. தலையைத் திறந்தாங்க, மூடினாங்க. ஒரு நாள் அந்தச் சின்ன டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தா. வார்டு வாசல்ல என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் சரியாப் பார்த்திருக்கணும், என்னை மன்னிச்சிருங்க அம்மேன்னு தேம்பினா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மன்னிச்சேன். ‘பரவாயில்ல மகளே, கடவுள் சித்தம்’னு சொல்லி அவ தலையைத் தடவிக் கொடுத்து அனுப்பினேன். நான் செஞ்சதுலயே ஈனமான காரியம் எதுன்னு கேட்டா, ரூமுக்குள்ள சொன்ன பொய்யைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்லுவேன். உங்கப்பா ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணைச் சபிக்கிறாரு. ‘அந்த டாக்டர் பொம்பளை ஒழுங்காப் பார்த்திருந்தா’ன்னு சோத்துல கை வைக்கும்போதெல்லாம் சொல்லுவாரு. நான் குழம்பு ஊத்துவேன். பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், அவரு மன்னிப்புக் கொடுத்தாரு. அங்க கிடைச்ச மன்னிப்பு வீட்டு வாசல் வரைக்கும்தான் வருது. அந்தப் பொண்ணைத் தேடிப் போய்ச் சொல்லணும். இன்னும் போகல.

இப்ப நீ தினம் போன்ல ஆடுற விளையாட்டுக்கு வாரேன். மூளைப் பயிற்சின்னு கசுன் உனக்குப் போட்டுக் கொடுத்தான், விளையாட்டு வீரருங்க ஞாபகசக்தி வளர்க்கிறது இதுலதான்னு. படம் கவுந்திருக்கும், ஜோடி கண்டுபிடிக்கணும். நம்ம தட்டமும் துணியும்தான், கண்ணாடிக்குள்ள. நல்ல மனசுலதான் கொடுத்தான் பாவம். தினம் ஆடுற, தினம் நம்பர் ஏறுது, மணியடிச்சு நட்சத்திரமா விழுது. அதைக் காட்டி ‘பாருங்கம்மா, மூளை திரும்பி வந்துருச்சு’ங்கிற. நான் அதை நம்பி ஆறு மாசம் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். பெரிய டாக்டர்கிட்ட கேட்டேன். அவரு மெல்லமாத்தான் சொன்னாரு. அந்த விளையாட்டை ஆட ஆட அந்த விளையாட்டு நல்லா வரும் அம்மா, மத்ததுக்கு அது உதவுதுன்னு என்னால சொல்ல முடியல, கொப்பியில எழுதிப் பழகட்டும், அதுதான் கைத்தடின்னாரு. நான் விடல. உன்னைக் காம்பராவுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் அதே தட்டத்தை வச்சேன். பத்து வேணாம்னு நாலு சாமான் வச்சேன். துணியை மூடி சீப்பை உருவினேன். நீ யோசிச்சு யோசிச்சு வேர்த்துப் போன. பக்கத்துல உக்காந்திருந்த மூக்கொழுகின வாண்டு ஒண்ணு ‘சீப்பு, மாமா, சீப்பு’ன்னு உன் காதுல சொல்லிக் கொடுத்துச்சு. நீ என்னைப் பார்த்துச் ‘சீப்பு’ன்னு சொல்லிட்டுப் பெருமையாச் சிரிச்ச. அதுக்கப்புறம் அந்தத் தட்டத்தை நான் எடுக்கல.

வரும், நாளைக்கு வரும்னு உனக்கு நம்பிக்கை சொல்லுறவங்க நிறையப் பேர் இருக்காங்க. கோயில்ல சொல்றாங்க, லயத்துல சொல்றாங்க. என்னால முடியல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், இது இப்படியேதான் இருக்கும், நீ இப்படியேதான் இருப்ப. நான் சாகுற வரைக்கும் இருக்கேன், அதுக்கப்புறம் யாருன்னு எனக்குத் தெரியல. முட்டி இப்பவே மடங்க மாட்டேங்குது. புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, இருந்தாலும் ஒண்ணு மட்டும் சொல்றேன். உன்னை யாராவது கேள்வி கேட்டா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. உனக்காகப் பதில் சொல்ல யாரையும் விடாத. பாசமாச் சொல்லுறவங்களை முக்கியமா விடாத.

மூணு தரம் சொன்னேன்னேன்ல. முதல் தரம் தவக்காலத்துல, அடுப்படியில. நீ அழுத, என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பரவாயில்லம்மா, நீங்க வேணும்னேவா செஞ்சீங்கன்ன. அன்னைக்குத்தான் நான் ரெண்டு வருஷத்துல முதல் தரமா நல்லாத் தூங்கினேன். காலையில எழும்பி நீ, ‘டெஸ்ட் பாஸ் பண்ணினவன்மா நான்’னு தொடங்கின. என்னை மன்னிச்சது எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு, உனக்கு இல்ல. அதுக்குப் பேரு மன்னிப்பா? ரெண்டாவது தரம் தட்டை வீசிட்டு வெளிய போயிட்ட. உங்கப்பாவும் கசுனும் தேடி, எஹலியகொட பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தவனைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. ஏன்டா போனன்னு அவரு கேட்டதுக்கு, ‘யார் மேலயோ ரொம்பக் கோவமா இருக்கேன்ப்பா, யார் மேலன்னுதான் தெரியல’ன்ன. நான் பக்கத்துல நின்னு நீ வீசின தட்டைத் துடைச்சு வச்சேன். மூணாவது தரம் நீ கத்தவும் இல்ல, அழவும் இல்ல. ‘அப்ப நான் பாஸ் பண்ணலயா?’ன்னு கேட்ட. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப, ‘அப்ப நான் பாஸ் பண்ணலயாம்மா?’ அன்னைக்குப் பகல் முழுக்க அதையே கேட்டுக்கிட்டு என் பின்னால நடந்த. பொழுது சாய மறந்துட்ட. அதோட நான் வாயால சொல்லறதை விட்டுட்டேன்.

அதனால இதை உன் கொப்பியில முதல் பக்கத்துல ஒட்டுறேன். நீ தினம் காலையில படிப்ப. தினமும் உனக்கு இது புதுசு, உங்கம்மா நேத்துத்தான் செஞ்ச மாதிரி. உங்கப்பாவும் படிப்பாரு, கண்ணாடியை நான் எடுத்து மேசையில வச்சுட்டேன். சாயந்தரம் நான் படியேறி வரும்போது உள்ள எந்த மகன் இருப்பான், அழுதவனா, தட்டை வீசினவனான்னு எனக்குத் தெரியாது. எவன் இருந்தாலும் சரி. சனிக்கிழமை நீ வீட்டுல இருக்கணும், அடுத்த சனிக்கிழமையும் இருக்கணும், அதுக்கு எனக்கு வேற வழி தெரியல. நீ அந்தப் பரீட்சையில பெயில் தம்பி. பெயிலானவன் ஆடக்கூடாது. என்னை வெறுத்துட்டாவது உசிரோட இரு.

கோவத்துல இந்தத் தாளைக் கிழிக்கணும்னு கை வரும். என்னைத் திட்டு, அடுப்பங்கரையில இருக்கிறதெல்லாம் உடை, தாளை மட்டும் கிழிக்காத. ரெண்டாவது தரம் எழுதச் சொன்னா நான் என்னைக் கொஞ்சம் நல்லவளா எழுதிருவேன்.

உன் அம்மா